லியர் மன்னன் நாடகத்தை எப்படிப் படிப்பது? காவிரிப் படுகையிலிருந்து சில கேள்விகள்

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கம் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எடுத்துப் படிக்கும் பிள்ளைகளும், நாடக ஆர்வத்தால் தமிழ் வழியாக ஷேக்ஸ்பியரிடம் வந்து சேர்ந்த பெரியவர்களும் 'லியர் மன்னன்' பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எல்லாவற்றுக்கும் ஒரே நீளத்தில் பதில் இல்லை. சில கேள்விகளுக்கு இரண்டு வரி போதும்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

எண்பது வயது தாண்டிய பிரிட்டன் அரசன் லியர், நாட்டை மூன்று மகள்களுக்கும் பிரித்துக் கொடுக்க முடிவு செய்கிறான். யார் தன்னை அதிகம் நேசிக்கிறார்கள் என்று சபையில் சொல்லச் சொல்கிறான். மூத்தவள் கானரிலும் நடுவள் ரீகனும் தேனாகப் பேசுகிறார்கள். கடைக்குட்டி கார்டிலியா, சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்கிறாள். அவளுக்குப் பங்கு இல்லை என்று துரத்திவிடுகிறான். அவளுக்காகப் பரிந்து பேசிய கென்ட் பிரபுவையும் நாடு கடத்துகிறான். சீதனமே வேண்டாம் என்று பிரெஞ்சு அரசன் அவளை மணந்து போகிறான். மூத்த இருவரும் அப்பனைப் புயலில் வெளியே விடுகிறார்கள். அவனுக்குப் புத்தி பேதலிக்கிறது. இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு கதை. குளோஸ்டர் என்ற பிரபு, கள்ள உறவில் பிறந்த எட்மண்டின் பேச்சை நம்பி, மூத்த மகன் எட்கரை விரட்டி, கடைசியில் கண் இரண்டையும் இழக்கிறார். கார்டிலியா படையோடு வந்து தோற்கிறாள், சிறையில் தூக்கிலிடப்படுகிறாள். அவள் உடலைத் தூக்கி வந்த லியரும் இறக்கிறான்.

முதல் காட்சியே நம்பும்படி இல்லையே? அன்புக்குப் போட்டி வைத்து எந்த அப்பனாவது சொத்து பிரிப்பானா?

இப்படிக் கேட்டவர்கள் நிறைய. ஆங்கிலக் கவிஞரும் விமர்சகருமான கோல்ரிட்ஜே இந்தக் காட்சியை ஒரு நாட்டுப்புறக் கதை போல ஏற்றுக்கொண்டு மேலே போகச் சொல்லுவார். ஆனால் வரிகளை நிதானமாகப் பாருங்கள், அது போட்டியே இல்லை.

நாடகம் தொடங்குவது லியரின் பேச்சோடு அல்ல. கென்டும் குளோஸ்டரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்: இரண்டு மருமகன்களில் ராஜாவுக்கு யார் மேல் பிரியம் என்று பிரிவினையிலிருந்து தெரியவில்லை, பங்குகள் அவ்வளவு சமமாக நிறுக்கப்பட்டிருக்கின்றன என்று. அதாவது பாகம் ஏற்கெனவே போட்டாயிற்று, வேண்டியவர்களுக்குச் செய்தியும் தெரியும். அடுத்து, கானரில் பேசி முடித்த உடனே, ரீகன் வாயைத் திறக்குமுன், லியர் வரைபடத்தில் கோடு காட்டி அவள் பங்கைக் கொடுத்துவிடுகிறான். நிஜமான போட்டியாக இருந்தால் மூன்று பேச்சையும் கேட்டல்லவா தீர்ப்புச் சொல்ல வேண்டும்? ஆக, இது எழுதி முடித்த பத்திரத்தைச் சபையில் வாசிக்கிற சடங்கு. மகள்கள் செய்ய வேண்டியது ஒரு சம்பிரதாயப் பேச்சு, அவ்வளவுதான். அந்தச் சடங்கில் ஒருத்தி கையெழுத்துப் போட மறுத்ததுதான் வினை.

நிலத்தை நம்பி வாழ்ந்த ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். 'அப்பன் கிறுக்கன்' என்பதோடு நின்றுவிடாமல், என்ன கொடுக்கிறான், எதை வைத்துக்கொள்கிறான் என்று கணக்குப் பார்ப்பார்கள். கேம்பிரிட்ஜில் உட்கார்ந்து மனப்பாங்கை ஆராய்கிறவர்களைவிட இந்த ஒரு விஷயத்தில் நமக்குக் கொஞ்சம் வசதி அதிகம் என்பது என் கட்சி.

அப்படியானால் லியரை நம் ஊர் மிராசுதாரோடு ஒப்பிடலாமா?

ஒப்பிடலாம், ஆனால் தலைகீழாக.

தமிழ்நாட்டில் 1961இல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் (மண்ணின் தரம் பார்த்துக் கணக்கிடுகிற ஏக்கர்) என்று எல்லை வைத்தார்கள். பிறகு அது 15 ஆகக் குறைந்தது. அப்போது வேலிக்கணக்கில் நிலம் வைத்திருந்தவர்கள் பலர் என்ன செய்தார்கள் என்று படுகையில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. மகன், மருமகள், பேரன், தூரத்து உறவு, அறக்கட்டளை என்று பெயர் மாற்றி எழுதினார்கள். பட்டாவில் பெயர் போயிற்று. சாகுபடி, களத்துமேடு, ஆள் அம்பு எல்லாம் பழைய கையில் இருந்தன.

லியர் செய்வது இதன் மறுபக்கம். ஆட்சி, வருமானம், நிர்வாகம் மூன்றையும் மருமகன்களிடம் தந்துவிட்டு, அரசன் என்ற பெயரையும் அதற்குரிய மரியாதைகளையும் மட்டும் வைத்துக்கொள்கிறான். கூடவே நூறு வீரர்கள், மாதம் ஒரு மகள் வீட்டில் தங்கல். நம் ஆள் பெயரைக் கொடுத்து அதிகாரத்தை வைத்துக்கொண்டார். லியர் அதிகாரத்தைக் கொடுத்துப் பெயரை வைத்துக்கொண்டான். நாடகம் முழுக்க அந்த வெறும் பெயருக்கு என்ன மதிப்பு என்ற விசாரணைதான். லியரின் அரண்மனைக் கோமாளியான விதூஷகன் அதை முகத்துக்கு நேராகவே சொல்கிறான்: நத்தைக்கு ஓடு இருப்பது தலையை உள்ளே வைத்துக்கொள்ள, மகள்களுக்குக் கொடுத்துவிட அல்ல.

வரலாற்றுப் பின்னணியும் இந்த வாசிப்புக்கு இடம் கொடுக்கிறது. நாடகம் 1606 டிசம்பர் 26 அன்று முதலாம் ஜேம்ஸ் அரசரின் முன் நடிக்கப்பட்டது. இங்கிலாந்தையும் ஸ்காட்லாந்தையும் ஒன்றாக்க வேண்டும் என்று அவர் மன்றாடிக்கொண்டிருந்த சமயம் அது. அவர் கண்ணெதிரே ஒரு ராஜா நாட்டைத் துண்டு போடுகிறான்.

கார்டிலியாவுக்குக் கொடுக்க நினைத்த பங்கு பெரிதா?

ஆம். அக்காமார்களுடையதைவிட வளமான மூன்றில் ஒரு பங்கு என்று லியரே சொல்கிறான். கடைசிக் காலத்தில் அவளிடமே ஒதுங்க நினைத்ததையும் ஒப்புக்கொள்கிறான். மஞ்சள்காணியாக நல்ல நஞ்சையை ஒதுக்கி, தானும் அங்கேயே போய் உட்கார்ந்துவிடத் திட்டம் போட்ட அப்பன் என்று வைத்துக்கொள்ளலாம். அவன் கோபத்தின் சூடு இங்கிருந்து வருகிறது. அவனுடைய முதுமை ஏற்பாடு முழுதும் அந்த ஒரு பதிலில் கவிழ்ந்துபோகிறது.

கார்டிலியா கொஞ்சம் திமிர் பிடித்தவள் இல்லையா? ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்?

கோல்ரிட்ஜ் அவள் பதிலில் கொஞ்சம் செருக்கும் முறுக்கும் கலந்திருப்பதாகக் கருதினார். கல்யாண வயதில் பெண்ணை வைத்திருக்கிற அம்மாக்கள் எல்லாரும் இந்தக் கட்சிதான். ஆனால் அவள் ஒன்றுமே பேசாமல் நிற்கவில்லை. மகளாக எனக்கு உள்ள கடமைப்படி நேசிக்கிறேன், கூடவும் இல்லை குறையவும் இல்லை. நாளை கல்யாணமானால் என் அன்பில் பாதி புருஷனுக்குப் போகும். அக்காமார் உங்களை மட்டும்தான் நேசிக்கிறார்கள் என்றால் அவர்களுக்கு எதற்குப் புருஷன், என்று கேட்கிறாள். அப்பன் நிலத்தை மூன்றாகப் பிரிக்கிற சபையில் மகள் அன்பை இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறாள். அவன் மொழியிலேயே அவனுக்குப் பதில். அதனால்தான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

பெண்ணிய விமர்சகர் கொப்பேலியா கான் 1986இல் இன்னொன்றைக் கவனித்தார்: இந்த நாடகத்தில் அம்மா என்று ஒருத்தி இல்லவே இல்லை. மகள்களிடம் தாய்மையை எதிர்பார்த்து ஏமாறுகிற கிழவனின் கதையாக அவர் படித்தார். நல்ல வாசிப்பு. முதல் காட்சிக்கு அது பொருந்துகிற அளவு போர்க் காட்சிகளுக்குப் பொருந்தவில்லை என்பது என் எண்ணம்.

நூறு ஆட்களுக்குச் சோறு போட முடியாது என்று கானரில் சொல்வதில் நியாயம் உண்டுதானே?

உண்டு. அதுவும் மாதக்கணக்கில். அடுப்படி தெரிந்தவர்கள் யாரும் அவளை உடனே கொடுமைக்காரி என்று சொல்லமாட்டார்கள்.

உங்கள் ஆட்கள் குடித்துக் கூத்தடித்து என் வீட்டைச் சாராயக்கடை ஆக்குகிறார்கள் என்பது அவள் புகார். என் ஆட்கள் பொறுக்கியெடுத்த நல்லவர்கள் என்பது லியரின் பதில். நாடகத்தில் வாய் திறந்து பேசும் வீரன் ஒருவன் மரியாதையாகத்தான் பேசுகிறான். யார் சொல்வது உண்மை என்று ஷேக்ஸ்பியர் தீர்ப்பு எழுதவில்லை. அதை மேடை எழுதுகிறது. 1962இல் பீட்டர் புரூக் ஸ்ட்ராட்ஃபோர்டில் இயக்கியபோது வீரர்கள் நிஜமாகவே மேசையைக் கவிழ்த்து அட்டகாசம் செய்தார்கள். பார்வையாளர்களுக்குக் கானரில் மேல் அனுதாபம் வந்தது. மேடையில் நடப்பதை வைத்தே நாடகத்தின் சாய்வை மாற்றிவிட்டார்.

ஆனால் பேரம் எப்படி முடிகிறது என்று பாருங்கள். நூறு ஐம்பதாகிறது, ஐம்பது இருபத்தைந்தாகிறது. பிறகு பத்து எதற்கு, ஐந்து எதற்கு என்று கானரில் கேட்க, ஒன்றுதான் எதற்கு என்று ரீகன் முடிக்கிறாள். சாப்பாட்டுச் செலவில் தொடங்கிய பேச்சு எங்கே போய் நிற்கிறது! முதல் காட்சியில் அப்பன் அன்பை அளந்தான், இங்கே மகள்கள் அப்பனை அளக்கிறார்கள்.

லியர் இன்று இருந்தால் செட்டில்மெண்டை ரத்து செய்ய வழி உண்டா?

வேடிக்கையாகக் கேட்டாலும் நாடகத்துக்குள் போக இது நல்ல வாசல். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதி வாங்கியவர் அதைச் செய்யாவிட்டால் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்க இடம் தருகிறது. தமிழ்நாட்டில் கோட்டாட்சியர் தலைமையில் தீர்ப்பாயம். வழக்கு பெரும்பாலும் எதில் சிக்கும் என்றால், நிபந்தனை பத்திரத்தில் எழுதியிருந்ததா, வாய்ப்பேச்சா என்பதில்.

லியரும் அதைத்தான் வாதாடுகிறான். உங்களுக்கு எல்லாவற்றையும் கொடுத்தேன் என்கிறான். நல்ல நேரம் பார்த்துத்தான் கொடுத்தீர்கள் என்கிறாள் ரீகன். உடனே அவன், இத்தனை ஆட்கள் எனக்கு என்று ஒதுக்கி வைத்துத்தானே கொடுத்தேன் என்று நிபந்தனையை நினைவூட்டுகிறான். ஆயுள் பரியந்தம் அனுபவித்துக்கொள்ளும் உரிமையை எழுதி வைத்த தகப்பன் பேசுகிற பேச்சு. சபை அறியச் சொன்னான், உண்மைதான். ஆனால் மீறினால் கேட்பதற்கு அவனுக்கு மேலே ஒரு கோட்டாட்சியர் இல்லை. கேட்கக்கூடிய ஒரே ஆள் அவன்தான். அந்த இடத்தை அவனே காலி செய்துவிட்டான்.

ஷேக்ஸ்பியர் காலத்திலேயே இப்படி ஒரு விவகாரம் நடந்தது. 1603இல் பிரையன் ஆனஸ்லி என்ற முதியவருக்குப் புத்தி சரியில்லை என்று அறிவிக்கச் செய்து சொத்தைக் கையில் எடுக்க மூத்த மகள் தரப்பு முயன்றது. அவருக்கும் மூன்று மகள்கள். எதிர்த்து நின்ற கடைசி மகள் பெயர் கார்டெல். ஷேக்ஸ்பியருக்கு இது தெரிந்திருக்கும் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள், நிரூபணம் கிடையாது. பழைய லியர் நாடகம் ஒன்று அதற்கு முன்பே இருந்தது, 1605இல் அச்சானது. கார்டிலியா என்ற பெயரும் பழைய கதைகளிலேயே உண்டு.

விதூஷகன் நம் கட்டியக்காரன் மாதிரியா?

முழுக்க இல்லை. தெருக்கூத்தின் கட்டியக்காரன் பாத்திரங்களை அறிமுகப்படுத்துவான், கதைக்கு உள்ளேயும் வெளியேயும் போய்வருவான். மெலட்டூர் பாகவத மேளாவில் முதலில் வரும் கோணங்கியும் சபையைத் தயார்செய்கிற ஆள்தான். லியரின் விதூஷகனோ ராஜா வீட்டு ஆள், பேச அனுமதி பெற்றவன், சவுக்கடிக்குப் பயந்தவன். மூன்றாம் அங்கத்தோடு காணாமலும் போய்விடுகிறான், காரணம் சொல்லப்படுவதில்லை. கார்டிலியாவாக நடித்த பையனே விதூஷகனாகவும் நடித்திருக்கலாம் என்று ஒரு ஊகம் உண்டு. இருவரும் ஒரே காட்சியில் வருவதில்லை என்பது அதற்கு ஆதாரம். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை.

ஏழைகளைப் பற்றி லியர் பேசுவதை வைத்து இதைப் புரட்சி நாடகம் என்கிறார்களே?

இதற்குக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டும்.

புயலில், குடிசை வாசலில் நின்று லியர் சொல்வது: ஆடையில்லாத ஏழைகளே, கூரையில்லாத தலையோடும் ஒட்டிய வயிற்றோடும் இந்த மழையை எப்படித் தாங்குகிறீர்கள், நான் இதைக் கவனிக்காமல் விட்டேனே. அடுத்த அங்கத்தில் கண்ணிழந்த குளோஸ்டர் ஒரு பிச்சைக்காரனுக்குப் பணப்பையைக் கொடுத்து, மிதமிஞ்சியதைப் பகிர்ந்தால் ஒவ்வொருவருக்கும் போதுமானது கிடைக்கும் என்கிறார். (அந்தப் பிச்சைக்காரன் அவர் பெற்ற மகன் எட்கர், அவருக்குத் தெரியாது.) நாடகம் நடிக்கப்பட்ட அடுத்த வருடமே, 1607இல், இங்கிலாந்தின் மத்தியப் பகுதியில் பொது நிலத்தை வேலி போட்டு வளைத்ததற்கு எதிராகக் குடியானவர்கள் கிளர்ந்தார்கள். ஆகவே மார்க்சிய விமர்சகர்கள் இந்த வரிகளைப் பிடித்துக்கொள்வதில் வியப்பில்லை.

ஆனால் இவை இரண்டும் எஜமானர்களின் பச்சாதாபம். உடைமை போன பிறகு வந்த ஞானம். நான் வகுப்பெடுத்தால் மாணவர்களை நிறுத்தி வாசிக்கச் சொல்வது வேறோர் இடம், மூன்றாம் அங்கம் ஏழாம் காட்சி. ரீகனின் புருஷன் கார்ன்வால், குளோஸ்டரை நாற்காலியில் கட்டிவைத்து ஒரு கண்ணைப் பிடுங்கிவிட்டான். இன்னொன்றையும் என்கிறாள் ரீகன். அப்போது பெயரில்லாத ஒரு வேலைக்காரன் குறுக்கே வருகிறான். சிறுவயதிலிருந்து உங்களிடம் ஊழியம் செய்கிறேன், இப்போது நிறுத்துங்கள் என்று சொல்வதைவிடப் பெரிய ஊழியம் செய்ததில்லை என்கிறான். வாள் உருவுகிறான். எஜமானுக்கு உயிர் போகும் காயம். ரீகன் வாயில் வரும் கேள்வி ஒன்றே ஒன்று: ஒரு குடியானவன் இப்படி எழுந்து நிற்பதா? பின்னாலிருந்து அவனைக் குத்திக் கொல்கிறாள்.

படுகையில் இந்த வரியைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. பண்ணையாள் பாதுகாப்புக்கென்றே 1952இல் தஞ்சாவூருக்குத் தனிச் சட்டம் போட வேண்டியிருந்த மண் இது. கூலித் தகராறு முற்றி 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்துபோனார்கள். எழுந்து நிற்பதா என்ற கேள்வி இங்கே என்ன விலை வாங்கியது என்று தெரிந்தவருக்கு, அந்த வேலைக்காரனின் பத்து வரி லியரின் புயலைவிடக் கனமாகத் தெரியலாம். ஷேக்ஸ்பியர் விமர்சகர் ஏ.சி. பிராட்லி தன் விரிவுரைகளில் லியர், கார்டிலியா மனங்களைப் பக்கம் பக்கமாக ஆராய்ந்தார். இவன் மேல் அவர் பார்வை அதிக நேரம் நிற்கவில்லை.

இதைச் சொல்லிவிட்டு ஒன்றைச் சேர்க்க வேண்டும்: நாடகம் அவனைப் புரட்சிக்காரனாக்கவில்லை. எஜமானுக்கு நல்லது செய்கிற விசுவாசமாகத்தான் அவன் தன் செயலைச் சொல்கிறான். நம் விருப்பத்தை அவன் வாயில் திணித்தால் அது வியாக்கியானம் ஆகாது.

ஊழ் என்று சொல்லிவிடலாமா? சிலப்பதிகாரத்தில் போல?

பூம்புகாரில் தொடங்கும் கதைக்கு ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும் என்ற சட்டகம் முன்னாலேயே உண்டு. லியரில் அப்படி ஒரு சட்டகம் இல்லை, பாத்திரங்கள்தான் ஆளுக்கொன்று சொல்கின்றன. விளையாட்டுப் பிள்ளைகளுக்கு ஈக்கள் எப்படியோ தேவர்களுக்கு நாம் அப்படி என்கிறார் குளோஸ்டர். தேவர்கள் நீதியுள்ளவர்கள் என்கிறான் அவர் மகன் எட்கர். கார்டிலியா ஆபத்திலிருப்பது தெரிந்ததும், தேவர்கள் அவளைக் காக்கட்டும் என்கிறார் கானரிலின் கணவர் ஆல்பனி. அந்தச் சொல் முடிந்து சில நொடிதான்: அவள் உடலைக் கையில் ஏந்தி லியர் உள்ளே வருகிறான். இந்த ஒரு நுழைவை விளக்காத எந்த இறையியல் வாசிப்பையும் நான் நம்புவதில்லை. மறுபக்கம், 1960களில் போலந்து விமர்சகர் யான் காட் செய்ததுபோல எல்லாம் அபத்தம் என்று பூசிவிடுவதும் அவசரம்தான். அந்த வேலைக்காரனும், குளோஸ்டரின் கண்ணுக்கு முட்டை வெள்ளைக்கருவும் பஞ்சும் வைத்துக் கட்ட ஓடும் மற்ற இருவரும் அபத்தத்தில் அடங்கமாட்டார்கள்.

லியர் சந்தோஷமாகச் சாகிறானா?

எந்தப் பதிப்பை வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 1608இல் வந்த தனிப் பதிப்பு ஒன்று, 1623இல் வந்த தொகுப்பில் உள்ளது ஒன்று. முதலாவதில் இருக்கும் ஏறத்தாழ 300 வரி இரண்டாவதில் இல்லை. இரண்டாவதில் இருக்கும் சுமார் 100 வரி முதலாவதில் இல்லை. அவள் உதட்டைப் பாருங்கள், அங்கே பாருங்கள் என்ற கடைசி வார்த்தைகள் 1623 பதிப்பில்தான் உண்டு. அவற்றை வைத்துத்தான், மகள் உயிரோடிருக்கிறாள் என்ற ஆனந்தத்தில் லியர் இறந்தான் என்று 1904இல் பிராட்லி எழுதினார். 1608 பதிப்பில் அவன் முனகுகிறான், இதயமே வெடித்துப் போ என்கிறான், அவ்வளவே. வெள்ளைக்கரு வைத்துக் கட்டும் வேலைக்காரர்களோ 1608இல்தான் இருக்கிறார்கள். 1986இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பாளர்கள் இரண்டையும் இரு வேறு நாடகங்களாகவே அச்சிட்டார்கள்.

இந்த முடிவைத் தாங்க முடியாதவர்கள் அந்த நாளிலும் இருந்தார்கள். நாடகாசிரியர் நேகம் டேட் 1681இல் கதையை மாற்றி, லியருக்கு அரசைத் திருப்பிக் கொடுத்து, கார்டிலியாவுக்கும் எட்கருக்கும் கல்யாணம் செய்துவைத்தார். சுமார் 150 வருடம் மேடையில் அந்தச் சுபமுடிவுதான் ஓடியது. கார்டிலியாவின் சாவைப் படித்து அதிர்ந்து, பதிப்பாசிரியராகத் திருத்த வேண்டி வரும்வரை கடைசிக் காட்சிகளை மறுபடி படிக்கத் துணியவில்லை என்று எழுதினார் சாமுவேல் ஜான்சன்.

தேர்வுக்குப் பிராட்லி மட்டும் போதுமா?

மதிப்பெண்ணுக்குப் போதலாம். ஆனால் பிராட்லி சொன்னார் என்பதோடு நிறுத்தாமல், அவர் எந்த வரியை வைத்துச் சொன்னார், அது எந்தப் பதிப்பில் உள்ளது என்று ஒரு வாக்கியம் சேருங்கள். திருத்துகிறவர் நிமிர்ந்து உட்காருவார். எட்மண்டைப் பற்றி எழுதினால் ஜான் டான்பி 1949இல் எழுதியதைப் பார்க்கலாம். பழைய நிலவுடைமை ஒழுங்கை மதிக்காத புது மனிதனாக அவனைப் பார்த்தவர் அவர்.

தமிழில் லியர் உண்டா?

கும்பகோணத்தில் வளர்ந்த இந்திரா பார்த்தசாரதி, லியரை அடிப்படையாக வைத்து 'இறுதியாட்டம்' எழுதினார். கீழ்வெண்மணியைப் பின்புலமாகக் கொண்ட 'குருதிப்புன'லையும் எழுதியவர் அவரே என்பதால் இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கச் சொல்வேன். பழைய தலைமுறையில் பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கி மேடையேற்றியது தனிக்கதை.

எந்தப் பதிப்பை வாங்குவது?

ஆர்டன் மூன்றாம் வரிசையில் ஃபோக்ஸ் பதிப்பித்தது (1997). எந்த வரி 1608க்கு உரியது, எது 1623க்கு உரியது என்று சிறு எழுத்துகளால் குறித்திருப்பார்கள். விலை அதிகமாகப் பட்டால் கல்லூரி நூலகத்தில் கேளுங்கள். குறிப்புகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் மூன்றாம் அங்கம் ஏழாம் காட்சியைச் சத்தம்போட்டு வாசியுங்கள்.